உங்கப்பா மினி கேட்ட கதை

ஹீலோ
செவ்வாய்க்கிழமை, மழை

அன்புள்ள மகன் வெண்டெலுக்கு,

அம்மா எழுதுகிறேன். லாஸ் வேகாஸ் வெயிலில் வறுபடாமல் சுகமாக இருக்கிறாயா, ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து சோறு என்று ஒன்றை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? இங்கே நான் நலம், உன் தங்கை டிரேசி நலம், அவள் குழந்தை கியேலே புதுசாக முளைத்த பல்லால் என் தோளைக் கடித்துக்கொண்டு நலம். உங்கப்பா ரொம்ப ரொம்ப நலம். இந்தக் கடிதம் எழுதுவதே அதைச் சொல்லத்தான். அவர் சாகவில்லை, சாகிற யோசனையும் அவருக்கு இல்லை. இன்றைக்குக் காலையில்கூட ஒரு சாஸேஜ் வளையத்தை முட்டையோடு முழுசாக உள்ளே தள்ளிவிட்டு, சட்டியை ரொட்டியால் துடைத்துத் தின்றார். சித்தி மகள் ரேனெட் உனக்குப் போன் போட்டு அழுதாளாமே, அவளுக்கு அரைச் செய்தி கிடைத்தால் போதும், முழுப் பிணமே தூக்கிவிடுவாள். ஆனால் வெண்டெல், இதைப் படித்த கையோடு விமான டிக்கெட்டை ரத்து பண்ணிவிடாதே. கடைசிவரை படி, அப்புறம் உன் இஷ்டம். போனில் சொல்லியிருப்பேன், சரிம்மா சரிம்மா என்று நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. டிரேசி வீட்டில் குழந்தை தூங்குகிற நேரம் பார்த்து எழுதுகிறேன், உங்கப்பாவுக்குத் தெரியாது.

இது எப்படி ஆரம்பித்தது என்றால், கியேலேயின் முதல் பிறந்தநாளில் ஆரம்பித்தது. அதற்கு வரச்சொல்லி டிரேசி உன்னைக் கூப்பிட்டாள், லீவு இல்லை என்று நீ சொல்லிவிட்டாய். உனக்கு லீவு இல்லாதது ஆறு வருஷமாக எங்களுக்குத் தெரிந்ததுதான், அந்த லீவுக்கு நாலு சக்கரமும் ஒரு ஸ்டியரிங்கும் உண்டு என்பதும் தெரியும். நீ வாசலில் விட்டுப்போன டிரக்கை உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டு, அந்தக் காசில் சவப்பெட்டி அளவில் ஒரு ஐஸ் பெட்டியை வாங்கி வைத்தவர் உங்கப்பாதான், அதை நான் மறுக்கவில்லை. சரி, அது இருக்கட்டும். முதல் பிறந்தநாள் என்றால் ஊரையே கூப்பிட்டாக வேண்டும், ஊர் என்றால் இருநூறு வாய். குழி வெட்டிப் பன்றி சுட யாருக்கும் இப்போது இடுப்பு இல்லை. அதனால் ஏதாவது ஒரு கடையில் இரண்டு உருண்டைச் சோறு, கறி, மக்ரோனி சாலட் என்று பிளேட் சாப்பாடு பெட்டி பெட்டியாகச் சொல்லிவிடலாம், விலையும் கையைக் கடிக்காது என்று டிரேசி சொன்னாள். எந்தக் கடை என்று அவள் கேட்டு வாயை மூடவில்லை, உங்கப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். நான் எல்லாத்தையும் தின்னு பாத்துச் சொல்றேன் என்றார். வாழ்க்கையில் ஒரு வேலையை அவர் இவ்வளவு ஆசையாக ஏற்றுக்கொண்டு நான் பார்த்ததில்லை, கல்யாணம் உட்பட.

அன்றிலிருந்து எங்களுக்கு மத்தியானம் என்பது வண்டிக்குள்தான். கடற்கரை ஓரமாக நிறுத்தி, மழைக்கு வைப்பரை ஓடவிட்டு, மடியில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஊரிலுள்ள ஒரு கடை விடாமல் தின்றோம். உங்கப்பாவுக்குச் சட்டதிட்டம் வேறு. சோற்று உருண்டையை முதலில் விரலால் குத்திப் பார்ப்பார், சரிந்தால் அந்தக் கடை அவுட். மக்ரோனி சாலட்டில் மக்ரோனியும் மயோனைஸும் இருக்கலாம், அதற்குமேல் யாரும் புத்திசாலித்தனத்தைக் காட்டக்கூடாது. துறைமுகத்தில் சாப்பாட்டு வண்டி வைத்திருப்பவன் அதில் உலர்ந்த திராட்சை போட்டிருந்தான், இவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஜன்னல் வழியாகக் கோழிகளுக்கு எறிந்தார், கோழிகளும் தின்னவில்லை. பெட்ரோல் பங்கில் விற்கிற பெண்டோ பெட்டிச் சாப்பாடு வாங்கினோம், சோற்றின் நடுவில் ஒரு ஊறுகாய்ப் பழம், ஒரு துண்டு வறுத்த கோழி, ஒரு துண்டு டப்பா இறைச்சி, மஞ்சள் முள்ளங்கி, எல்லாம் பாத்தி கட்டின மாதிரி அழகாகத்தான் இருந்தது. அதில் கறியும் முள்ளங்கியும் ஒட்டாமல் இருக்கப் பச்சை பிளாஸ்டிக் புல் ஒன்று வைப்பார்கள் இல்லையா, அதையும் சேர்த்து மென்றுவிட்டு, கீர கொஞ்சம் முத்தல் என்றார். கடல் தாண்டிப் பெருநிலத்திலிருந்து வந்த ஒரு தாடிக்காரப் பையன் ஆற்றங்கரையில் புதுக்கடை போட்டிருக்கிறான், அங்கே பிளேட்டுக்குப் பழுப்பு அரிசிச் சோறு, பக்கத்தில் ஏதோ ஒரு இலை. இது உடம்புக்கு நல்லதுங்க சார் என்றான் அவன். உங்கப்பா அவன் தோளில் கைபோட்டு, தம்பி, நாங்க சாப்பிடத்தானப்பா வந்தோம் என்றார். நானும் சும்மா இல்லை, எனக்கு இடுப்பில் ஒரு சுற்று ஏறிவிட்டது, பிறந்தநாளுக்கு எடுத்து வைத்த கவுன் கழுத்தோடு நின்றுவிட்டது.

இப்படியே போனால் குழந்தைக்கு இரண்டாவது பிறந்தநாளே வந்துவிடும், சீக்கிரம் முடிவு சொல்லுங்கப்பா என்று டிரேசி சத்தம் போட்டாள். அதனால் உங்கப்பா ஒரு நாள் ஒரே மத்தியானத்தில் மூன்று கடையை முடிப்பதாகத் திட்டம் போட்டார். மூன்று கடையிலும் முழு பிளேட் வாங்கினால் அவருக்கே தாங்காது. ஆகவே வழக்கமாக வாங்குகிற டோரீன் கடைக்குப் போய், கண்ணாடிக்கு முன்னால் நின்று, ஒரு மினி கொடு என்று கேட்டார். கதையே இதுதான், வெண்டெல். மூன்று சாப்பாடு சாப்பிடப் போகிற மனுஷன் முதல் கடையில் மினி கேட்டார். ஆனால் நீ இந்த ஊரில் பிறந்தவன், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஒரே ஒரு உருண்டைச் சோறும் ஒரே ஒரு கறியும் போட்ட மினியைக் கேட்பது யார்? பால் பல் விழாத பிள்ளைகள், கல்யாண உடுப்பு இறங்காத பெண்கள், ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியவர்கள். உங்கப்பாவை வாசலில் பார்த்ததுமே டோரீனின் கை பெரிய பெட்டிக்குப் போய்விடும், நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. எங்களுக்குக் கல்யாணமான அன்றைக்கு அவருக்கு நெருப்பாய்க் காய்ச்சல், அன்றும் இரண்டு உருண்டை. என் அப்பா செத்த வீட்டில் இரண்டாவது தடவை தட்டை நீட்டின ஒரே ஆள் அவர்தான், என் அம்மா சாகும்வரை அதைச் சொல்லிக் காட்டினாள்.

அதனால் டோரீன் கையில் இருந்த இடுக்கி அப்படியே நின்றுவிட்டதாம். யாருக்குண்ணே மினி, வீட்ல சின்னப்புள்ளைக்கா என்று கேட்டிருக்கிறாள். எனக்குத்தான் என்றார் இவர். வரிசையில் பின்னால் நின்ற பக்கத்து வீட்டு மில்டன் தொப்பியைக் கழற்றிவிட்டான். உடம்புக்கு ஒண்ணும் இல்லியேண்ணே என்று டோரீன் கேட்க, இவர் கண் முழுக்கத் தட்டுகளின் மேல், காதோ ஏற்கெனவே மந்தம், நாள் அதிகம் இல்ல டோரீன், அதுக்குள்ள எல்லாத்தையும் ஒரு வாய் ருசி பாத்துறணும் என்றிருக்கிறார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்ல தெரியுமாண்ணே என்று மெல்லக் கேட்டாள். தெரியாம என்ன, எட்வினாதான் தேதியே குறிச்சா, ஹால் சொல்லியாச்சு, எப்படியும் இருநூறு பேர் வருவாங்க, வயிறு நெறைய சாப்பாடு போட்டு அனுப்பிறணும் என்றார் இவர். பிறந்தநாள் என்ற ஒரு வார்த்தையை மட்டும் அந்த வாய் சொல்லவில்லை, அழைப்பிதழும் அப்போது அச்சுக்குப் போகவில்லை. டோரீன் காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டாள். இவர் குஷியாக வண்டியில் ஏறி, டோரீனுக்கு வயசாயிருச்சு எட்வினா, காசு வாங்கவே மறந்துட்டா என்றார். அடுத்த இரண்டு கடையிலும் மினியே கேட்டார். நான் அப்போது வண்டியிலேயே உட்கார்ந்து தையல் போட்டுக்கொண்டிருந்தேன். பாவி, நான் கூட இறங்கிப் போயிருக்க வேண்டும்.

மறுநாள் விடிந்ததிலிருந்து சாப்பாடு வர ஆரம்பித்தது. நூடுல்ஸ் ஒரு தட்டு, எள் போட்ட கோழி ஒரு தட்டு, அரிசிமாவுக் கேக் தினுசு தினுசாக. குழந்தைக்குப் பிறந்தநாள் வருகிறது, ஜனங்களுக்கு எவ்வளவு பாசம் என்று நான் நினைத்துக்கொண்டேன். யாரும் குழந்தையைப் பற்றிக் கேட்காமல் உங்கப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் விநோதமாக இருந்தது. மில்டன் நம்மிடம் என்றைக்கோ இரவல் வாங்கிக்கொண்டுபோன மரம் அறுக்கிற மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டான், அதுவும் துடைத்து எண்ணெய் போட்டு. அதைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஃபாதர் அன்செல்மோ சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெய்க் குப்பியைப் பையில் ஒளித்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, மனசுல ஏதாவது பாரமா இருக்கா கிளிஃபர்ட் என்று கேட்டார். உங்கப்பா முந்தின நாள் தின்ற மூன்று சாப்பாட்டை நினைத்துக்கொண்டு, வயித்துலதான் ஃபாதர், மேல்பக்கமா என்றார். ஃபாதர் அங்கேயே கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். இவரும் சேர்ந்து ஆமென் சொன்னார், ஏப்பமும் வந்தது.

எனக்குத் தெரியவந்தது இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில். டோரீன் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டுபோய், அக்கா, கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க, அன்னைக்கு மூடி வைப்பீங்களா, தெறந்து வைப்பீங்களா என்றாள். நான் சாப்பாட்டுத் தட்டைச் சொல்கிறாள் என்று நினைத்து, மூடித்தான் வைக்கணும், இல்லன்னா ஈ மொய்ச்சுரும் என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. அண்ணன் மொகத்தக் கடைசியா ஒரு தடவை நாங்க பாக்க வேணாமாக்கா என்று அவள் கேட்டபோதுதான் எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது, மினி, ஹால், மெஷின், எண்ணெய்க் குப்பி, இப்போது சவப்பெட்டி மூடி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, மூச்சு முட்டுகிறது, படியில் உட்கார்ந்துவிட்டேன். டோரீன் என் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, அழுதுருங்கக்கா, எத்தன நாள் உள்ளயே வச்சிருந்தீங்களோ என்கிறாள். அதைக் கேட்டு எனக்கு இன்னும் அதிகமாயிற்று. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் ஆளுக்கொரு கைக்குட்டை கொடுத்தார்கள், நான் அத்தனையையும் நனைத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். அப்புறம் அழைப்பிதழ் போனதும் ஊர் தெளியும் என்று நினைத்தேன், தெளியவில்லை. பேத்திக்குப் பிறந்தநாளும் தாத்தாவுக்கு வழியனுப்பும் ஒரே ஹால் செலவில் முடிக்கிறாள், எட்வினா கெட்டிக்காரி என்று பேசிக்கொள்கிறார்களாம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் உங்கப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அந்த மெஷினைத் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லைதானே என்று கேட்டார். சாயங்காலமே உட்கார்ந்து ஊருக்கெல்லாம் போன் போட்டு உண்மையைச் சொல்லிவிடுவது என்று இருந்தோம், முதல் நம்பரை அழுத்தப் போகும்போது டிரேசி உள்ளே ஓடிவந்தாள். அண்ணன் டிக்கெட் போட்டுட்டான், பார்ட்டிக்கு முந்தின நாள் காலையில வந்து எறங்குறான் என்றாள். உங்கப்பா கையில் ஒரு கோழிக்கால் இருந்தது, அதைத் தட்டில் வைத்தார். எதுக்கு வர்றானாம் என்று கேட்டார். நீங்க சாகப் போறீங்கன்னு ரேனெட் சொல்லிருக்காப்பா, போன்லயே அழுதுட்டான் என்றாள் டிரேசி. வெண்டெல் அழுதானா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அவர் எழுந்து போய் வாசலில் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார், நான் சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. அப்புறம் முதுகைக் காட்டிக்கொண்டே, இப்ப யார்ட்டயும் சொல்லாத எட்வினா, அவன் வந்து எறங்குற வரைக்கும் இருக்கட்டும் என்றார். என்ன இருக்கட்டும் என்று கேட்டேன். சாவு இருக்கட்டும் என்றார்.

மறுநாள் காலை டோரீன் கடைக்குப் போய் மினி கேட்டார். அதற்கு மறுநாளும் போனார். இன்றைக்கும் போனார். கடை தேடுகிற வேலையெல்லாம் முடிந்துபோயிற்று, டோரீனுக்கே ஆர்டரைக் கொடுத்துவிட்டோம், சோயா சாஸில் வெந்த ஷோயூ கோழி, பொரித்த கோழி, இரண்டு உருண்டை. பெட்டிக்கெல்லாம் ஊதா ரிப்பன் கட்டித் தருகிறாளாம், துக்க நிறம் எதற்கு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனாலும் இவர் தினமும் போய் வரிசையில் நிற்கிறார். முன்னால் நிற்கிற பொடியன்கள் முழு பிளேட், கிரேவி அதிகமா என்று வாங்கிக்கொண்டு போகிறார்கள், இவர் எச்சிலை முழுங்கிக்கொண்டு, கம்மின குரலில் மினி என்கிறார். இருமலும் பழகியிருக்கிறார், கடல் சிங்கம் மாதிரி இருக்கிறது, அதைக் கேட்டால் நோயாளி என்று யாரும் நம்பமாட்டார்கள், இந்த ஊர் நம்புகிறது. வண்டியில் உட்கார்ந்து அந்த ஒரு உருண்டையை நாலு வாயில் முடித்துவிட்டு மூடியை வழித்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் நான் பொறுக்காமல், உள்ள இன்னொரு பெட்டி ஒளிச்சு வச்சிருக்கேன், யாரும் பாக்கல, சாப்பிடுங்க என்றேன். வேணாம், எவனாவது பாத்துட்டு ரேனெட்டுக்குச் சொல்லி, அவ வெண்டெலுக்குச் சொல்லி, அவன் டிக்கெட்டக் கேன்சல் பண்ணிட்டான்னா என்றார். சொல்லிவிட்டுக் காலிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த மனுஷன்மேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இந்தத் தடவை நிஜமான அழுகை.

இவ்வளவு பாடுபட்டு அவர் காப்பாற்றுகிற சாவை நான் ஏன் உனக்குக் காட்டிக்கொடுக்கிறேன் என்று நீ கேட்பாய். நீ விமான நிலையத்தில் இறங்கி அந்தத் தொந்தியையும் சிவந்த கன்னத்தையும் பார்த்த நிமிஷமே உனக்கு எல்லாம் தெரிந்துவிடும். என்னை ஏமாத்திட்டீங்க என்று அடுத்த விமானத்திலேயே ஏறிவிடுவாய், உன் தலையும் அவர் தலையும் ஒரே அச்சில் வார்த்தது, எனக்குத் தெரியாதா. அப்புறம் இன்னொரு ஆறு வருஷம் என்னால் முடியாது. இன்னொன்றும் உண்டு. சாகப்போகிற அப்பா என்றதும் நீ அழுதுகொண்டு ஓடிவருகிறாய், சந்தோஷம்தான். ஆனால் அப்படி ஒரு ஆள் இங்கே கிடையாது. இருப்பது உன் டிரக்கை விற்றவர்தான். அவரைப் பார்க்க நீ வரவேண்டும் என்று எனக்கு ஆசை. அவர் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்து வராதே, அந்த வார்த்தையை அவர் வாயில் வைத்ததே இல்லை. மினி என்ற வார்த்தையையும் அந்த வாயில் அவர் வைத்தவர் இல்லை, இப்போது உனக்காகத் தினமும் வைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும், வெண்டெல். உன் தலைமயிர் இன்னும் இருக்கிறதா, கொட்டிவிட்டதா என்றுகூட எனக்குத் தெரியாது.

வந்தால் குடை கொண்டுவராதே, இங்கே இருக்கிறது. உன் சூதாட்ட ஊர்ச் சீட்டுக்கட்டுப் படம் போட்ட சாவி வளையத்தைக் கொண்டுவந்து எங்கள் தலையில் கட்டாதே. கியேலேவுக்கு ஏதாவது வாங்கு, சத்தம் போடாத பொம்மையாகப் பார். ஊரார் கொண்டுவந்த தட்டெல்லாம் நம் வீட்டில் அடுக்கியிருக்கிறது, ஒன்றையும் வெறுமனே திருப்பிக் கொடுக்க முடியாது இல்லையா, நான் எல்லாவற்றிலும் கேக் போட்டு வைக்கிறேன், நீதான் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அப்பா பிழைத்துக்கொண்டார் என்று சொல்லவேண்டும். மில்டன் மெஷினைத் திரும்பக் கேட்டால் கொடுக்காதே. மாதா உன்னைக் காப்பாற்றட்டும், உன் பயணத்துக்குத் துணை இருக்கட்டும், உன் உடம்பும் புத்தியும் நல்லபடியாக இருக்கட்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

நான் எழுதியதை அவரிடம் காட்டிக்கொள்ளாதே. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அன்று காலை விமான நிலையத்திலிருந்து உன்னை நேராக டோரீன் கடைக்குத்தான் கூட்டிப்போவார். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும், அவர் தொண்டையைச் செருமுவார். அவர் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டு, எங்கப்பாவுக்கு ஒரு முழு பிளேட் குடுங்க என்று சொல்லிவிடு. அதற்குமேல் நீங்கள் இரண்டு பேரும் எதுவும் பேசவேண்டாம்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா
எட்வினா